பத்து அடி ஃப்ளெக்ஸில் ஒரு பெரியமனுஷி

பெண்பிள்ளைகளுக்கு அழகை விற்ற கதையை யாரும் மும்பையிலிருந்தோ பாரிஸிலிருந்தோதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கடலூர். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்று யோசித்த சின்னி கிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலை விட்டு வெளியே வந்து, பதினைந்தாயிரம் ரூபாயில் தனியாக ஆரம்பித்ததுதான் சிக் ஷாம்பு. அந்தக் கம்பெனிதான் பிற்பாடு கெவின்கேர். பெட்டிக்கடை வாசலில் சரம்சரமாகத் தொங்கிய அந்தப் பாக்கெட்டுகளுக்குக் கீழே குனிந்து கமர்கட்டு வாங்கின தலைமுறை நாங்கள்.

சிக் ஷாம்புவை ஆரம்பத்தில் விற்ற விதத்தை ரங்கநாதனே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிராமம் கிராமமாகப் போய், கூட்டம் கூட்டி, ஒரு பையனை நடுவில் உட்காரவைத்துத் தலையில் தேய்த்து அலசிக் காட்டுவார்கள். கூடியிருப்பவர்கள் முடியைத் தொட்டுப் பார்க்கலாம், மோந்து பார்க்கலாம். கவனியுங்கள், பையன். நீளமுடி ஷாம்புக்கு யார் தலை பொருத்தம் என்று கேட்டால் யாரும் பையன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வயசுப்பெண்ணைத் தெருவில் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்து, போகிற வருகிறவன் எல்லாம் மோந்து பார் என்று சொன்னால் விற்க வந்தவன் முழுசாக ஊர் திரும்பியிருப்பானா? அந்த வேலையைப் பிறகு விளம்பரப் படம் செய்தது. நடிகை அமலா வந்தார், மல்லிகை வாசனையும் ரோஜா வாசனையும் வந்தன, விற்பனை எங்கேயோ போனது. தெருவில் செய்தால் அடி விழும் காரியத்தை டிவியில் செய்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அதே கெவின்கேர் 1998இல் ஃபேரெவர் கிரீமைக் கொண்டுவந்தது. குங்குமப்பூ, பால். இந்த இரண்டையும் யார் கண்டுபிடித்துக் கொடுத்தது? நம் வீட்டுக் கிழவிகள்தான். மாசமாக இருக்கிறவளுக்குக் குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று நம்பாத வீடு நம் பக்கம் குறைவு. வயிற்றில் இருக்கும்போது தவறிப்போனதைப் பதினாறு வயதில் பூசிச் சரிசெய்துகொள்ளலாம் என்பதுதான் அந்தக் கிரீம் சொன்ன செய்தி. விளம்பரக்காரர்கள் நமக்கு இல்லாத ஆசையை எங்கிருந்தோ இறக்குமதி செய்து புகுத்துகிறார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு இங்கேதான் பிணக்கு. பாதிச் சரக்கு நம் அடுப்படியிலிருந்து போனது.

மீதிப் பாதி ஃபேர் அண்ட் லவ்லி. 1975இல் வந்தது. என் சின்ன வயதில் அதன் விளம்பரம் என்றால் பெண் பார்க்க வருகிற கதை. கொஞ்ச நாளில் கல்யாணம் போய் வேலை வந்தது. பையன் பிறந்திருந்தால் தேவலை என்று அப்பா புலம்புவார், பெண் கிரீமைப் பூசுவாள், வெளுப்பாள், விமானப் பணிப்பெண் ஆவாள், அப்பாவுக்குக் காபி வாங்கிக் கொடுப்பாள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை விடவில்லை. 2002இல் தேசிய மனித உரிமை ஆணையம் வரை கொண்டுபோனார்கள். 2003இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டு இரண்டு விளம்பரங்களை நிறுத்தியது. கம்பெனி அதே 2003இல் பெண்களின் படிப்புக்கும் முன்னேற்றத்துக்கும் உதவ என்று ஃபேர் அண்ட் லவ்லி பெயரிலேயே ஒரு அறக்கட்டளை ஆரம்பித்தது. சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

அந்த வருஷத்தின் இன்னொரு விளம்பரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உலகக்கோப்பை கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. கிரிக்கெட் வர்ணனையாளர் ஆக ஆசைப்படும் பெண், பக்கத்தில் கிரிக்கெட் வீரர் ஸ்ரீகாந்த். அந்தப் பெண் ஜெனிலியா. 1987 ஆகஸ்டில் பிறந்தவர், ஆக அப்போது பதினாறு நிரம்பவில்லை. சில மாதங்களில் அவர் நடித்த ஷங்கரின் ‘பாய்ஸ்’ வந்து ஊரே அந்தப் படத்தைப் பற்றிப் பொருமியது. கிரீம் விளம்பரத்தைப் பற்றி யாரும் பொருமவில்லை, ஏனென்றால் அதில் கவர்ச்சி எதுவும் கிடையாது, சுத்தமான குடும்ப விளம்பரம். அமெரிக்காவில் 1980இல் கால்வின் கிளைன் ஜீன்ஸ் விளம்பரத்தில் ப்ரூக் ஷீல்ட்ஸ் நடித்தபோது அவருக்கும் பதினைந்துதான். அங்கே இரட்டை அர்த்த வசனம் வைத்தார்கள், சில தொலைக்காட்சி நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. இங்கே கிரிக்கெட் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கேயும் அந்தப் பெண்ணுக்குக் கிரிக்கெட் தெரியுமா என்பது கதையில் கடைசிக் கேள்வி. முதல் கேள்வி முகம்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2009இல் சென்னையில் கவிதா இம்மானுவேலின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு கறுப்பும் அழகுதான் என்று ஒரு இயக்கம் தொடங்கியது, 2013இல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்ததும் நாடு முழுக்கப் பேச்சானது. 2014இல் விளம்பரத் துறையின் சொந்தத் தரக் கவுன்சிலே விதி போட்டது: நிறத்தை வைத்து யாரையும் மட்டமாகக் காட்டக் கூடாது, கிரீம் பூசுவதற்கு முந்தைய படத்தில் பெண்ணின் முகத்தைச் சோகமாக வைக்கக் கூடாது. (இதை எழுதிவைக்க ஒரு விதி தேவைப்பட்டது என்பதை யோசித்துப் பாருங்கள்.) 2019இல் நடிகை சாய் பல்லவி ஒரு கிரீம் விளம்பரத்தை வேண்டாம் என்றார். இரண்டு கோடி என்று பத்திரிகைகள் எழுதின. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டதற்குப் பிறகு ஃபேர் அண்ட் லவ்லியின் பெயரில் ஃபேர் போய் க்ளோ வந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் க்ளீன் அண்ட் க்ளியர் ஃபேர்னஸ் சரக்கை விற்பதையே நிறுத்தியது. நம் பக்கத்து வடமங்கலம் தாண்டும்போதெல்லாம் ஹிந்துஸ்தான் யூனிலீவர் தொழிற்சாலையின் மதிலைப் பார்ப்பேன். எந்தப் பெண்ணும் அழகுதான் என்று பாடம் நடத்தும் டவ் சோப்பும் ஃபேர் அண்ட் லவ்லி கிரீமும் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த மதில் நமக்கு இவ்வளவு பக்கத்தில்.

சரி, நிறத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ரத்தம்.

நாப்கின் விளம்பரங்களில் பல காலம் ஊற்றினது நீலத் தண்ணீர். வெள்ளைப் பேன்ட் போட்ட பெண் துள்ளிக் குதிப்பாள், நீலம் உறிஞ்சப்படும். சின்னப் பையன்கள் அதை ஏதோ மை ஒற்றுகிற தாள் என்று நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. விஸ்பர் எடுத்த ‘ஊறுகாயைத் தொடு’ விளம்பரம் 2015இல் கான் விளம்பர விழாவில் பெரிய பரிசு வாங்கியது, தூரமான பெண் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுப்போகும் என்ற நம்பிக்கையைக் கேலி செய்ததற்காக. 2020இல் ராதிகா ஆப்தே நடித்த ரியோ விளம்பரம் கடைசியில் சிவப்பையே காட்டிவிட்டது. அதற்கும் சிலர் முகம் சுளித்தார்கள். இதெல்லாம் நடந்த பிறகும் நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் போய் நாப்கின் கேளுங்கள். கடைப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் நியூஸ் பேப்பரில் சுற்றி, அதைக் கறுப்புக் கவரில் போட்டு, குற்றப் பொருளைக் கைமாற்றுவதுபோல நீட்டுவான். இருமல் மருந்தை அப்படிச் சுற்றித் தர மாட்டான்.

இப்போது அந்தக் கடையிலிருந்து வெளியே வந்து தெருமுனையைப் பாருங்கள்.

பத்துக்கு எட்டில் ஒரு ஃப்ளெக்ஸ். பூப்புனித நீராட்டு விழா. நடுவில் பதின்மூன்று வயதுப் பிள்ளை, தாவணியோ பட்டுப்புடவையோ கட்டி, உச்சியிலிருந்து இடுப்பு வரை நகை. பின்னால் மயில், அருவி, சில சமயம் ஈஃபில் கோபுரம். ஓரத்தில் தாய்மாமன் கூலிங் கிளாஸோடு. மேலே தொகுதிப் பிரமுகர் கைகூப்பியபடி. கீழே ‘நண்பர்கள் குழு’ என்று பாஸ்போர்ட் சைஸில் வரிசையாகப் பையன்கள். இந்தப் பிள்ளைக்கு முதல் ரத்தம் வந்துவிட்டது என்று போக்குவரத்துக்கே தெரிவிக்கும் அறிவிப்பு இது. மெடிக்கல் ஷாப்பில் பேப்பரில் சுற்றி மறைத்ததும் இதையேதான். ரத்தம் அவளுடைய வேலையாக இருக்கும்போது மறைக்க வேண்டும், நம்முடைய விழாவாக ஆகும்போது பத்தடியில் காட்ட வேண்டும்.

விளம்பரங்களைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கேயோ போகிறாளே என்று நினைக்காதீர்கள். இதுவும் விளம்பரம்தான். அழகு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அந்தத் தாவணி ஜவுளிக்கடை விளம்பரத்துத் தாவணி. அந்த ஒட்டியாணம் நகைக்கடை விளம்பரத்து ஒட்டியாணம். நிற்கிற விதமும் அங்கிருந்து வந்ததே. எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1970களில் அமெரிக்க விளம்பரப் படங்களை நூற்றுக்கணக்கில் வரிசையாக வைத்துப் பார்த்தார். ஆண்கள் நேராக நிற்கிறார்கள், பொருளைக் கைக்குள் பிடிக்கிறார்கள். பெண்கள் தலையைச் சாய்க்கிறார்கள், முழங்காலை மடிக்கிறார்கள், பொருளை விரல்நுனியால் வருடுகிறார்கள், அவர்கள் கண் வேறெங்கோ இருக்கிறது. நம் ஊர் போட்டோகிராபருக்குக் கோஃப்மனைத் தெரியாது. ஆனால் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் நடந்துபோனால் அவர் சொல்வது காதில் விழும்: தலையைச் சாய்ம்மா, கண்ணைக் கீழ பாரும்மா, ஜிமிக்கியைத் தொடும்மா, லேசா வெட்கப்படும்மா. கல்யாண ஷூட்டுக்கு வருகிற ஜோடிகளுக்கு நடுவே இப்போது சடங்கு ஷூட்டுக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வெள்ளை நகரம், அந்தப் பக்கம் கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரன் பிரித்துவைத்த ஊரில், அவன் பக்கத்து மஞ்சள் சுவர்கள்தான் எல்லோருக்கும் பின்னணி.

வெட்கம் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹாலிவுட் பாணி விளம்பரத்தில் பெண்பிள்ளையின் காமம் என்றால் உதட்டைத் திறந்து, தோளைத் திறந்து காட்டுவது. நம்மிடம் அது மூடித்தான் இருக்கும். இழுத்துப் போர்த்திய தாவணி, கவிழ்ந்த கண். ஆனால் அந்தக் கவிழ்ந்த கண் யாரோ பார்க்கிறார்கள் என்பதற்காகக் கவிழ்ந்தது. அவளுக்கு எது பிடிக்கும், யாரைப் பிடிக்கும், எதற்குப் பயம் என்று எந்த விளம்பரத்திலும் கிடையாது, எந்த ஃப்ளெக்ஸிலும் கிடையாது. அவள் பார்க்கப்படுகிறாள், அவ்வளவுதான். நம் பண்பாடு வேறு, மேற்கத்திய ஆபாசம் வேறு என்று சொல்கிறவர்கள் துணியின் அளவை மட்டும்தான் அளக்கிறார்கள்.

இதற்குச் சாட்சியாக அரசாங்கமே ஒரு காரியம் செய்தது. 2017 டிசம்பரில் ஆணுறை விளம்பரங்களைக் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை காட்ட வேண்டாம் என்று தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தல் போனது. பிள்ளைகள் பார்க்கக் கூடாதாம். எதிர்ப்பு வந்ததும் ஆபாசமானவற்றுக்கு மட்டும்தான் என்று விளக்கம் சொன்னார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு என்றைக்காவது உபயோகப்படக்கூடிய தகவல் இரவு பத்துக்கு மேல். முகம் வெளுக்கவில்லை என்றால் உனக்கு எதிர்காலம் இல்லை என்ற செய்தி காலை கார்ட்டூனுக்கு நடுவில்.

போன வருஷம் என் அண்ணன் மகள் பெரியமனுஷி ஆனாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் போட்டால் பேச மாட்டேன் என்றிருக்கிறாள்.) அண்ணியோடு நானும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் பிள்ளையின் படத்தை ஏற்றியதும் முதலில் கேட்டது:

“பாப்பாவுக்குக் கலர் ஏத்திடட்டுமாக்கா?”

“இன்னாத்துக்கு? இருக்கிற கலர் இருக்கட்டும்.”

“ஏத்தலன்னா ஃபங்ஷன் அன்னைக்குச் சண்டைக்கு வருவாங்கக்கா. எல்லாருக்கும் ரெண்டு ஷேடு ஏத்துவோம். இடுப்புலயும் லைட்டா புடிச்சிடுவோம்.”

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இடுப்பில் எதைப் பிடிப்பது என்று நான் கேட்கவில்லை. அவர் மேல் கோபமும் வரவில்லை. கேட்டதைச் செய்கிறவர். அவர் செய்வதையே ஒரு பெரிய கம்பெனி பிரான்சில் செய்தால் கதை வேறு. அங்கே 2017 அக்டோபரிலிருந்து மாடலின் உடம்பைக் கம்ப்யூட்டரில் ஒல்லியாக்கியோ குண்டாக்கியோ விளம்பரம் போட்டால் ‘திருத்தப்பட்ட படம்’ என்று அதிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் 37,500 யூரோ அபராதம். பிரெஞ்சுத் தேர்தலுக்கு இன்னும் ஓட்டுப் போடுகிறவர்கள் வசிக்கிற ஊர் இது. பேகெத் ரொட்டி வந்தது, அந்தச் சட்டம் வரவில்லை. நம் நாட்டிலும் ஒன்றுமில்லாமல் இல்லை. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் சிறுவர்களை நோக்கிய விளம்பரம் அவர்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றித் தாழ்வான எண்ணத்தை உண்டாக்கக் கூடாது என்கிறது. கண்ட இடத்தில் பேனர் கட்டுவதற்கு எதிராகப் புதுச்சேரியில் 2000ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. ஆனால் முதல் விதி கம்பெனிக்கு, இரண்டாவது தெருவின் லட்சணத்துக்கு. பேனரில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டிலும் இடமில்லை, அவளை அங்கே ஏற்றியது பெற்றவர்கள் என்பதால்.

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் தலைமுறை டிவி விளம்பரம் பார்ப்பதே இல்லை. அவளுக்கு விளம்பரம் வருவது ரீல்ஸில், ஒரு அக்கா ரூபத்தில். அந்த அக்கா படுக்கையறையில் உட்கார்ந்து, செல்லங்களா என்று கூப்பிட்டு, சீரம் எது, சன்ஸ்கிரீன் எது, கண்ணாடி மாதிரி தோல் வர எதை எதற்கப்புறம் பூச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். காசு வாங்கிக்கொண்டு பேசினால் விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என்பது 2021லிருந்து தரக் கவுன்சிலின் விதி. மூலையில் பொடியாகப் போட்டிருப்பார்கள். அவளுடைய மேஜையில் ரெட்டினால் இருந்தது. சுருக்கத்துக்குப் பூசுவது. எங்கள் காலத்துச் சந்தூர் விளம்பரத்தில் காலேஜ் பெண் மாதிரி ஒருத்தி வருவாள், குழந்தை ஓடி வந்து மம்மி என்று கட்டிக்கொள்ளும், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். அம்மா பதினெட்டு வயதுபோலத் தெரிய வேண்டும். இப்போது பதின்மூன்று வயதுக்காரி முப்பத்தைந்து வயதின் சுருக்கத்துக்கு இன்றைக்கே மருந்து போடுகிறாள். யாரும் அவரவர் வயதில் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் கம்பெனிகளுக்குள் ஒற்றுமை.

2021இல் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்கள் வெளியானபோது அதில் ஒரு கணக்கு இருந்தது. தன் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனக்குறை உள்ள பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று சொல்லியிருந்தார்கள். இதை அவளிடம் சொன்னதும், “அப்ப மீதி அறுபத்தெட்டு பேரு நல்லாத்தானே இருக்காங்க அத்தே?” என்றாள். கணக்கில் கெட்டி. எங்கள் பக்கத்து ரத்தம்.

ஆனால் அவள் சொன்ன இன்னொன்று என்னை உட்கார வைத்தது. ஷூட் வேண்டும், போட்டோக்கள் வேண்டும், தாவணியில் அவளுக்கே அவளைப் பிடித்திருந்தது. பேனர் மட்டும் வேண்டாம்.

“போன்ல நான் போட்டா என் ஃபிரெண்ட்ஸ் பாப்பாங்க, புடிக்கலன்னா எடுத்துடுவேன். நீங்க தெருவுல கட்டுனா பால்காரரு, வேன் டிரைவரு, டியூஷன் சாரு எல்லாரும் பாப்பாங்க அத்தே. அதை நான் எடுக்க முடியுமா?”

நானோ படமே கூடாது என்று வாதாட வந்தவள். அவளோ படத்தை யார் போடுவது, யார் எடுப்பது என்று கேட்கிறாள். நாற்பது வருஷமாக மாதர் சங்கமும் தரக் கவுன்சிலும் விளம்பரத்தில் என்ன காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று போராடியதில் இந்தக் கேள்வி அதிகம் வரவில்லை என்று தோன்றியது. அவள் போனில் போட்ட படமும் அவள் கையை விட்டுப் போய்விடும், அதைச் சொல்லாமல் விடவில்லை. அதற்கும் பதில் வைத்திருந்தாள்: பிரைவேட் அக்கவுன்ட்.

அண்ணி ஒப்புக்கொள்ளவே இல்லை. பேனர் இல்லாவிட்டால் சீர் செய்ய வருகிற சனம் என்ன நினைக்கும், பிள்ளைக்கு ஏதோ குறை என்று பேசாதா என்றார். அவர் பயமும் பொய்யில்லை. செய்த மொய்யைத் திருப்பி வாங்கவும்தானே இந்த அழைப்பு. அண்ணன் வழக்கம்போல நடுவில் நின்றார். கடைசியில் பேனர் உண்டு, பிள்ளை படம் கிடையாது என்று முடிவானது.

கட்டின அன்று காலையில் போய்ப் பார்த்தேன். விழாவின் பெயர், மண்டபத்தின் பெயர், மயில், அருவி. அவள் இருக்க வேண்டிய நடு இடத்தில் தாய்மாமன், முழு உருவம், கூலிங் கிளாஸ். சுற்றிலும் அண்ணன், சித்தப்பா, பிரமுகர், நண்பர்கள் குழு. ஒரு பெண்கூட இல்லாத பூப்புனித நீராட்டு விழா பேனர். கடைக்காரத் தம்பி பழக்கதோஷத்தில் மாமாவுக்கு இரண்டு ஷேடு கலர் ஏற்றியிருந்தார். மாமா அதைக் கழற்றவிடவே இல்லை. விழா முடிந்து மூன்று வாரம் அது அங்கேதான் நின்றது, நகராட்சிக்காரர்கள் வந்து அவிழ்க்கும்வரை.